மில்காரர் காரில் மண்ணெண்ணெய்

நம் டிரைவர், மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி தம்பிகள் மூன்று முறை வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் அன்றே முடியாது என்று சொல்லியிருப்பேன். எழுதத்தானே என்று ஒப்புக்கொண்டேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு அதிகம் எழுதியது உதிரிபாகக் கடைக்குக் கொடுத்தனுப்பும் துண்டுச் சீட்டுகள்தான். எழுத்துப் பிழை இருந்தால் மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தை மாற்ற வேண்டாம்.

"அந்தக் காலத்துல மிஸ்ஸிங் எப்டிண்ணா கண்டுபுடிப்பீங்க?" என்பதுதான் அவர்கள் கேட்டது. இப்போது ஒரு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகுகிறார்கள். இன்ஜின் உதறினால், கோளாறு மூன்றாவது சிலிண்டரில் என்று அது எழுத்தில் காட்டிவிடுகிறது. நல்ல கருவி. எங்களுக்கு அரை நாள் பிடித்த வேலை அதற்கு அரை நிமிடம். முட்டி தேய்ந்து, வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் குழிக்குள் இறங்க முடியாமல் நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஐம்பத்தெட்டு வயதில் வீட்டில் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தாலும், அந்தக் கருவி மேல் எனக்குப் பொறாமை எதுவும் இல்லை.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஆனால் மிஸ்ஸிங் என்று யாராவது சொன்னாலே எனக்கு ஒரே ஒரு கார்தான் நினைவுக்கு வரும். அதையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் இருந்த காதர் பாய் பட்டறையில் பன்னிரண்டு வயதில் சேர்ந்தேன். ஸ்பானர் நம்பர் பழக ஒரு வருடம், டயர் கழற்றி மாட்ட இரண்டு வருடம், கிளட்ச், பிரேக் என்று நாலைந்து வருடம் போனது. இருபத்திரண்டு வயதில் இன்ஜின் வேலைக்கு என்னைத் தனியாக விடுமளவுக்கு வந்திருந்தேன். அடி வாங்கியதில்லை. வாய் பேசாத ஆளை அடிக்க யாருக்கும் காரணம் கிடைக்காது.

பாய் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வண்டிக்காரர் என்ன கதை சொன்னாலும் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போய்விடுவார். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைப்பார். இன்ஜின் மெதுவாக ஓடும்போது புகை ஒரே சீராக வந்து கையில் அடிக்க வேண்டும். நடுவில் ஒரு அடி குறைந்தால் அது மிஸ்ஸிங். பிறகு முன்பக்கம் வந்து, காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். வேலை செய்கிற சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் இன்ஜின் தள்ளாடும். செத்துப்போன சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் ஓட்டத்தில் எதுவும் மாறாது. அந்தப் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்க்க வேண்டும். செங்கல் பொடி நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் ஒரு காரணம், எண்ணெய் கசிந்திருந்தால் வேறு காரணம். பிளக்கின் இடைவெளிக்கு, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடைச் செருகிப் பார்ப்பார். அந்தத் தடிமன்தான் கணக்கு. முதலில் கரண்ட், அது சரியென்றால் பெட்ரோல், இரண்டும் சரியென்றால்தான் இன்ஜினைத் திறக்கலாம். இந்த வரிசையை அவர் ஒரு நாளும் மாற்றியதில்லை.

பட்டறையில் அவருக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது.

"கோளாறு இன்னான்னு மட்டும் சொல்லு. யாரால வந்துச்சுன்னு நம்ம வாய்ல வரக் கூடாது. டிரைவருங்க பொழப்பு அதுல கீது" என்பார்.

டிரைவர்களைக் காப்பாற்றத்தான் அவர் அந்தக் கட்டுப்பாட்டை வைத்திருந்தார்.

எங்களிடம் வந்துகொண்டிருந்த வண்டிகளில் ஒன்று, ஊரில் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவருடைய அம்பாசடர். அவரை எல்லோரும் மில்காரர் என்றுதான் சொல்வோம். அவருடைய டிரைவர் சடையன், கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரர், மலைவாழ் ஜனம். என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது மூத்தவர். அந்தக் காலத்தில் மலையில் லைசென்ஸ் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் அவருக்குப் பெருமை உண்டு. சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பார். வண்டியை நிறுத்தியதும் முதலில் கண்ணாடியைத் துடைப்பார், பிறகு தலையைச் சீவுவார்.

ஒரு தடவை அந்தக் கார் கீழே நன்றாக ஓடுகிறது, மலைக்குப் போனால் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது என்றார்கள். பட்டறையில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் கோளாறு தெரியவில்லை. "வண்டியோட போ. எங்க வருதோ அங்க பாரு" என்று பாய் என்னைச் சடையண்ணனோடு அனுப்பினார். வடக்கனந்தல் தாண்டி மலை ஏறுகிறவரை அவரே பேசிக்கொண்டு வந்தார்.

"தம்பி, வாயில இன்னா வெத்தல போட்டுக்கினு இருக்கியா? துப்பிட்டு ஒரு வார்த்த பேசேன்" என்றார். நான் சிரித்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

மேலே பனி இறங்கிய இடத்தில் இன்ஜின் உதற ஆரம்பித்தது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் தொட்டேன், ஈரம். துணியால் துடைத்தால் ஓடியது, மறுபடி ஈரம் ஏறினால் உதறியது. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. விரிசல். அதன் வழியாகக் கரண்ட் வேறு இடத்துக்குப் பாய்ந்திருக்கிறது. கரியாலூரில் அவர் வீடு பக்கத்தில்தான். மூடியை அவர் மனைவி அடுப்போரம் காய வைத்தார். "இன்னாங்க இது, நாலு காது வெச்ச கொழம்புக் கிண்ணம்?" என்று கேட்டார். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். அவர்களுடைய மகள் வள்ளி, கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவள், லீவுக்கு வந்திருந்தாள். மூடியின் மேல் இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதுநாள்வரை எனக்கு அது வெறும் கோடு.

"எங்க ஊர்ல பத்தாவது எழுதப் போற மொத பொண்ணு" என்றார் சடையண்ணன். "அப்புறம் டீச்சரு வேல. நா கொண்டுபோய் பள்ளிக்கூடத்துல எறக்கி வுட்டுட்டு வருவேன், காருல."

"யாரு காருல?" என்று அவர் மனைவி கேட்டார்.

"மில்காரரு காருலதான். அவரு தூங்கி எழறதுக்குள்ள."

வள்ளி சிரித்துக்கொண்டே மூடியை என்னிடம் கொடுத்தாள். கீழே வந்து புது மூடி போட்டேன். அதன் பிறகு சடையண்ணன் பட்டறைக்கு வந்தால் வேறு யார் கையிலும் வண்டியைக் கொடுக்க மாட்டார்.

படிப்பிலும் சர்க்கார் வேலையிலும் எங்கள் ஜாதிக்குத் தனி இடம் வேண்டும் என்று எங்கள் பக்கத்து மாவட்டங்களில் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. அதில் ஒரு வாரம் சாலை மறியல். சேலம் ரோட்டிலும் திருக்கோவிலூர் ரோட்டிலும் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். என் சொந்தக்காரர்கள் சிலரும் கோடாலியோடு போனார்கள். படிக்காததால் ஒரு மனிதனுக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கோரிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் எரிந்த குடிசைகளையும் மறக்க மாட்டேன்.

மறியல் தொடங்கியபோது பட்டறையில் நாலு கார்கள் நின்றன. டேப்பெட் செட்டிங்குக்கு வந்திருந்த மில்காரர் காரும் அதில் ஒன்று. எங்கோ வண்டிகளைக் கொளுத்துகிறார்கள் என்று செய்தி வந்ததும் பாய் சொன்னார்: "டேங்குல இருக்கறத எல்லாம் எறக்கிடு. காலி வண்டி சீக்கிரம் புடிக்காது."

டேங்குக்கு அடியில் இருக்கும் நட்டைக் கழற்றி, பெட்ரோலைப் பழைய ஆயில் டின்களில் பிடித்தேன். எல்லாம் ஒரே மாதிரி டின்கள். எந்த டின் எந்த வண்டியுடையது என்று சாக்பீஸால் நம்பர் போட்டு, வேலை பார்க்கும் குழிக்குள் இறக்கி, மேலே பலகை போட்டு மூடினேன். பாகங்கள் கழுவ வாங்கிய புது மண்ணெண்ணெய் ஒரு டின் இருந்தது. எரிகிற எதுவும் வெளியே இருக்க வேண்டாம் என்று அதையும் குழிக்குள் இறக்கினேன். பாய் அதைச் சொல்லவில்லை, நானாகச் செய்தது. அதன் மேல் எதுவும் எழுதவில்லை. நம்பர் இல்லாத டின் அதுதானே, தெரியாமலா போகும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் மழை பெய்தது. குழிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.

மறியல் முடிந்து பலகையைத் தூக்கியபோது எந்த டின்னிலும் நம்பர் இல்லை. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று குழிக்குள் இறங்கினேன். மூடி சரியாகப் பொருந்தாத டின்களில் இருந்து ஒரு வாரமாகப் பெட்ரோல் ஆவி இறங்கியிருந்தது. ஐந்து நிமிடத்தில் மூக்கு மரத்துவிட்டது. ஒரு சொட்டைக் கையில் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாயைக் கூப்பிட்டிருந்தாலும் ஆகியிருக்கும். சாக்பீஸ் அழிந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எந்த டின்னில் எவ்வளவு இருந்தது என்ற ஞாபகத்தை வைத்துக்கொண்டு, அளவு பார்த்து, அந்தந்த வண்டியில் ஊற்றிவிட்டேன். மில்காரர் காருக்கு இரண்டு டின். மீதி நின்ற ஒரு டின்னைக் கொட்டகையில் மண்ணெண்ணெய் வைக்கும் மூலையில் வைத்தேன்.

அன்று மத்தியானம் சடையண்ணன் வந்தார். பஸ் இல்லாததால் ஒரு வாரம் மலையிலேயே இருந்துவிட்டு, அன்றுதான் இறங்கி வந்திருந்தார். பெட்ரோல் பங்க் எல்லாம் காலி. மில்காரர் எங்கோ சொல்லி வைத்து வாங்கிய பத்து லிட்டர் கேனை அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வழியில் சிந்தக் கூடாது என்று மூடியைக் கம்பியால் முறுக்கியிருந்தார்கள். என் கட்டிங் பிளேயரால் அந்தக் கம்பியை வெட்டினேன். புனலைப் பிடித்தேன். அவர் ஊற்றினார்.

"ஒரு வாரம் வூட்டுச் சோறு தம்பி, பாரு, தொப்ப வந்துகீது" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார்.

நாலாம் நாள் அந்தக் காரை ஒரு லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்டியரிங்கில் சடையண்ணன். பின்னாலேயே வேறொரு வண்டியில் மில்காரர். மகனுக்குப் பெண் பார்க்கத் திருக்கோவிலூர் போயிருக்கிறார்கள். வழி முழுக்க இன்ஜின் உதறி, புகை கக்கி, மூன்று இடத்தில் நின்று, கடைசியில் பெண் வீட்டுத் தெருமுனையில் படுத்துவிட்டது.

"யோவ் பாயி, இன்னாய்யா வண்டி ரெடி பண்ணிக் குடுத்த? பட்டு வேட்டி கட்டிக்கினு நாலு பேரு தள்ளிக்கினு போறோம். வாசல்ல பொண்ணோட மாமன் நிக்கறான். 'மாப்ள வூட்டுல மாட்டு வண்டி இல்லீங்களா'ன்னு கேக்கறான்யா."

"உக்காருங்க. டீ சொல்றேன்" என்றார் பாய். ஆறிப்போயிருந்த இன்ஜின் ஒரு வழியாக ஸ்டார்ட் ஆனதும், பின்பக்கம் போய் சைலன்சரில் கை வைத்தார்.

நான் ஒயர்களைப் பிடுங்கினேன். நாலில் எதைப் பிடுங்கினாலும் இன்ஜின் தள்ளாடியது. செத்த சிலிண்டர் என்று ஒன்று இல்லை. உதறல் ஒரு இடத்தில் நிற்காமல் ஒவ்வொரு சிலிண்டராக மாறிக்கொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நான் போட்டது, கோடு எதுவும் இல்லை. ரோட்டர் சரி. பாயின்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன். கண்டென்சரை மாற்றினேன். நாலு பிளக்கும் கரி அப்பி, விரலில் ஒட்டுகிற மாதிரி பிசுபிசுப்பாக இருந்தன. புதுப் பிளக் போட்டதும் பத்து நிமிடம் அழகாக ஓடியது. மில்காரர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். பிறகு மறுபடி உதறியது. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் உள்ளே சுத்தியால் தட்டுவது போல ஒரு சத்தம் வந்தது.

பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கரண்ட் முடிந்தது, இனி பெட்ரோல் என்று அர்த்தம். பம்பில் இருந்து வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டில் மூடியில் கொஞ்சம் பிடித்தார். மறியல் வாரத்தில் கிழிக்காமல் விட்டிருந்த காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் சில சொட்டு விட்டு வாயால் ஊதினார். நல்ல பெட்ரோல் என்றால் பறந்துவிடும், தாளில் தடம் இருக்காது. இதில் எண்ணெய் வட்டம் நின்றது. தாளை என்னிடம் நீட்டினார். நானும் மோந்து பார்த்தேன்.

"மண்ணெண்ணெய் கலந்துகீது" என்றார் பாய். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மில்காரர் சடையண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஊரே பெட்ரோலுக்கு நாயா அலையுது. கேனு ரொப்பி ஒங்கிட்ட குடுத்தனுப்பிச்சேன். எவன்கிட்டடா வித்த?"

"வித்தனா? மொதலாளி, இன்னா பேசறீங்க? அப்டியே கொண்டாந்து ஊத்தனங்க."

"ஊத்துன, கெரசின ஊத்துன. ஒங்க ஜனத்துக்குத்தான் சர்க்காரு எடம் ஒதுக்கி வெச்சிகீதே. இங்க என் வண்டில இன்னாத்துக்குக் கைய வெக்கிற? போய் கலெக்டரா உக்காரு."

லாரிக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நடேசா" என்று பாய் என்னைக் கூப்பிட்டார். "கார்புரேட்டர எறக்கு. கெரசின் எட்தா, கழுவணும்."

கொட்டகைக்குப் போனேன். மூலையில் இருந்த டின்னைத் திறந்து தட்டில் ஊற்றினேன். விரலில் பட்டது. விரல் ஜில்லென்றது, உடனே காய்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் அப்படிக் காயாது.

அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒரு மெக்கானிக்குக் கோளாறு கிடைத்துவிட்டால் உடம்பில் ஒரு லேசான சந்தோஷம் வரும். அன்றைக்கும் ஒரு கணம் அது வந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது. அந்தக் காரில் நான் ஊற்றிய இரண்டு டின்களில் ஒன்று மண்ணெண்ணெய். அதற்குப் பதில் போக வேண்டிய பெட்ரோல் இதோ தட்டில் இருக்கிறது.

"இன்னாடா லேட்டு?" என்று பாய் குரல் கொடுத்தார். தட்டோடு வெளியே வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அதற்குள் சடையண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் தைரியம் வந்தது.

"தம்பி இருந்தான் மொதலாளி. கேளுங்க. தம்பி, நீதான கம்பிய வெட்டுன? புனலு புடிச்சியே. நா ஊத்தனது பெட்ரோலா, வேறயா, நீயே சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மில்காரர், லாரிக்காரர்கள், டீ கொண்டுவந்த ஆள். இத்தனை கண்களுக்கு முன்னால் நான் அதுவரை பேசியதில்லை. கம்பியை வெட்டினேன் என்று சொன்னால், அப்போ மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். யாரால் வந்தது என்று சொல்லக் கூடாது என்ற பாயின் கட்டுப்பாடு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. அது எனக்காகப் போட்டதல்ல என்று தெரிந்தும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நா... கவனிக்கலண்ணே" என்றேன்.

"சரி தம்பி, நீ வேலைல இருந்திருப்ப" என்றார் சடையண்ணன். சாவியை எடுத்து மட்கார்டு மேல் வைத்தார். அவருடைய லைசென்ஸ் மில் மேஜையில் இருந்தது. "வந்து வாங்கிக்க" என்றார் மில்காரர். சடையண்ணன் அதை வாங்கப் போகவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் குனிந்து அந்தப் பெட்ரோலிலேயே கார்புரேட்டரைக் கழுவினேன். டேங்கை இறக்கி அலசி, புதுப் பெட்ரோல் விட்டதும் கார் பட்டு மாதிரி ஓடியது. வேலை என்று பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

சடையண்ணனை அதன் பிறகு ஊரில் யாரும் வேலைக்கு வைக்கவில்லை. கார் ஸ்டாண்டில் டிரைவர்கள் அவருக்கு 'கெரசின் சடையன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். யாராவது பெட்ரோல் போடும்போது, "பாத்துய்யா, சடையன் ஊத்துனதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பேச்சு ஹாஸ்டல் வரைக்கும் போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வள்ளி பக்கத்தில் வந்து மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம். பத்தாவது தொடங்கி மூன்று மாதத்தில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள் என்று ஹாஸ்டலுக்குக் காய்கறி போடுகிறவர் பட்டறையில் சொன்னார்.

அதைக் கேட்ட அன்றே, மத்தியானம் தொழுகை முடிந்து வந்த பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"கார்புரேட்டர நீ பெட்ரோல்ல கழுவும்போதே எனக்குத் தெரியும்டா" என்றார்.

"ஏன் பாய் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு நாளு பாத்தேன், ரெண்டு நாளு பாத்தேன். பட்டறை பேரு கெட்டுடும்னும் பயந்தேன், அத மறைக்க மாட்டேன். அப்புறம் நாளு ஜாஸ்தி ஆவ ஆவ, சொல்ல எனக்கே வெக்கமாப் போச்சு." பிறகு, "மொதல்ல சடையன்கிட்ட போய் சொல்லு. அவன் இன்னா சொல்றானோ அத செய்வோம்" என்றார்.

மறுநாள் கரியாலூருக்குப் போனேன். வீட்டு வாசலில் முள் வைத்து அடைத்திருந்தது. மூன்று பேருமே குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள், எந்தத் தோட்டம் என்று தெரியாது என்றார்கள் பக்கத்தில். திரும்பி வந்துவிட்டேன். போனவர் வரட்டும் என்று பாயும் நானும் இருந்துவிட்டோம். அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. சில வருடங்களில் பாய் இறந்தார். அதற்கு அடுத்து மில்காரரும் போனார்.

பதினோரு வருடம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பையில் சீப்பு இல்லை.

"இன்னா மெக்கானிக்கு, அடையாளம் தெரிலயா?"

டீ வாங்கிக் கொடுத்தேன். அவரே பேசினார். குடகில் மழை, அட்டைக் கடி, மனைவிக்கு மூச்சிரைப்பு. வள்ளியை அங்கேயே கட்டிக் கொடுத்துவிட்டார், காப்பி பறிக்கிறாள், இரண்டு பிள்ளைகள். தோட்டத்து ஜீப்புக்கு ஒரு தடவை டிரைவர் தேவைப்பட்டிருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கணக்குப் பார்க்கும் ரைட்டர் வரிசையில் நிற்க வைத்துக் கேட்டாராம்.

"தெரியாதுன்னுட்டேன் தம்பி. தெரியும்னா எங்க ஓட்டன, ஏன் வுட்டன்னு கேப்பான். எதுக்கு வம்பு?" என்று சிரித்தார். பிறகு, "நா ஒண்ணு நெனக்கிறேன். மில்காரர எவனோ ஏமாத்திட்டான். அந்தக் கேனுலயே கலப்படம் இருந்துகீது. பாவம், அவருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

அப்போது சொன்னேன். சாக்பீஸில் இருந்து தட்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அப்ப நா கேக்கும்போது, ஒனக்குத் தெரியும்."

"ஆமாண்ணே."

"கவனிக்கலன்னு சொன்னியே."

"ஆமாண்ணே."

அவர் பஸ்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வள்ளியோட ஆத்தா ஒன்ன திட்டுவா. ஒரு வார்த்த சொன்னானா அந்தப் பையன்னு. நாந்தான் வுட்டுக் குடுக்காம பேசுவேன். அவன் வேலைல இருந்தான்டீ, நெசமாவே பாத்திருக்க மாட்டான்னு. பதினோரு வருசமா அவகிட்ட அதத்தான் சொல்லிக்கினு கீறேன்."

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்ணே. இப்பவே சொல்றேன்."

"யார்கிட்ட சொல்லுவ? மில்காரரு இல்ல. பாயும் இல்ல."

"டிரைவருங்ககிட்ட. ஸ்டாண்டுல. நம்ம பட்டறைக்காரங்ககிட்ட."

"சொல்லேன், பாப்பம்" என்றார். அதில் கோபம் இல்லை. என்னைத் தெரிந்தவர் சொன்ன மாதிரிதான் இருந்தது. மலைக்குப் போகும் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அன்று பஸ் ஸ்டாண்டில் இருந்து டிரைவர்கள் நிற்கிற ஸ்டாண்டுக்குப் போனேன். நாலைந்து பேர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். "இன்னா நடேசா?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சங்கக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் போயிருக்கிறேன், பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற டிரைவர்களில் வயதானவர்கள் சிலருக்குக் கெரசின் சடையன் என்ற பேர் இன்னும் ஞாபகம் இருக்கும். அவர்களுக்காகச் சொல்கிறேன். மில்காரர் காரில் மண்ணெண்ணெயை ஊற்றியவன் நான். சடையன் அண்ணன் கொண்டுவந்த கேன், மூடியில் முறுக்கிய கம்பி பிரியாமல் வந்த கேன். அதில் இருந்தது பெட்ரோல். கம்பியை வெட்டியவனும் நான்தான், புனலைப் பிடித்தவனும் நான்தான். அவர் ஊற்றியதை நான் பார்த்தேன்.